ஒலி செல்லும் இரு வழிகள்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் சென்றால் போனக்காடு என்னும் மலையூரை அடையலாம். ஆங்கிலேயர் காலத்தில் எழுந்த தேயிலைத் தோட்டமும், அதனை நம்பித் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய உழைப்பாளர்களின் லயங்களும் அவ்வூரின் அடையாளங்கள். ஊருக்கு மேலே நிமிர்ந்து நிற்பது அகத்தியர்கூடம். தமிழ் முனிவரின் உறைவிடம் என்று தலைமுறை தலைமுறையாக நாம் போற்றிவரும் பொதிகைச் சிகரம். அதன் உயரம் 1,868 மீட்டர். இன்று அதன்மேல் ஏற விரும்புவோர் கேரள வனத்துறையின் அனுமதி பெற்றுப் போனக்காட்டிலிருந்தே புறப்படுகின்றனர்.

அச்சிகரத்தின் மீது 1855-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக்கூடம் நிறுவப்பெற்றது என்பதை நம்மில் பலர் அறியோம். இன்று இசையன்பர் இல்லங்களில் ஒரு கேள்வி எழுகின்றது: பெருக்கியைத் தன்னுள்ளேயே கொண்ட புதுவகை ஒலிபெருக்கிக்கு இசையை டிஜிட்டல் எனப்படும் எண்முறையில் அனுப்புவதா, அனலாக் எனப்படும் ஒப்புமுறையில் அனுப்புவதா? பொதிகை உச்சியில் நடந்த பணி இக்கேள்வியின் உட்பொருளை நன்கு விளக்குகின்றது. ஆதலின் அங்கிருந்தே தொடங்குவோம்.

திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1837-இல் திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார். அதன் முதல் தலைவர் ஜான் கால்டிகாட். அவர் 1849-இல் மறைந்தபின், ஸ்காட்லாந்தின் மேக்கர்ஸ்டன் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்து பெயர் பெற்றிருந்த ஜான் ஆலன் பிரௌன் 1852-இல் பொறுப்பேற்றார். காந்த ஊசியின் அசைவே அவருடைய ஆராய்ச்சிப் பொருள். வடக்கு நோக்கி நிற்கும் ஊசி உண்மையில் அசையாமல் நிற்பதில்லை. ஒவ்வொரு நாளும் மிகச் சிறிதளவு இப்பக்கமும் அப்பக்கமும் விலகுகின்றது. பூமியின் காந்த நடுக்கோடு திருவனந்தபுரத்துக்கு அருகே செல்வதால் அவ்வூர் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற இடமாயிற்று. நூறாண்டு கழித்து, 1963-இல், தும்பாவில் முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவியதற்கும் இதுவே காரணம்.

தரைமட்டத்தில் காணும் அசைவு மலையுச்சியிலும் அவ்வாறே இருக்குமா என்று அறியப் பிரௌன் விரும்பினார். யானைகள் உலவும் காட்டைக் கடந்து கருவிகளை மேலேற்றிப் பொதிகை உச்சியில் இரண்டாவது கூடத்தை நிறுவினார். குறித்த வேளைகளில் உதவியாளர்கள் ஊசியின் நிலையை நோக்கி, அதனை எண்ணாக ஏட்டில் எழுதினர். ஓயாது அசையும் ஒரு பொருள், வேளைக்கு ஓர் எண்ணாக மாறிற்று. இன்று எண்முறை என்று நாம் கூறுவதன் சாரம் இதுவே.

அதே காலத்தில் இங்கிலாந்தின் கிரீனிச் ஆய்வுக்கூடம் வேறு வழியை மேற்கொண்டிருந்தது. 1847 முதல் அங்கே காந்தத்தில் பொருத்திய கண்ணாடியொன்று, சுழலும் உருளையில் சுற்றிய ஒளிப்படத் தாளின்மீது ஒளிப்புள்ளியை வீழ்த்திற்று. காந்தம் அசைய ஒளியும் அசைந்தது. தாளில் இடைவிடாத கோடு பதிந்தது. ஓர் அசைவை மற்றோர் அசைவு அப்படியே பின்பற்றியது. இதுவே ஒப்புமுறை. அதில் ஒரு கணமும் விடுபடாது. ஆயினும் தாள் சுருங்கினால் கோடும் சுருங்கும். தாளில் கறை விழுந்தால் கறையையும் கோட்டையும் பிரித்தறிவது அரிது. எண்ணோ, மலையிலிருந்து இறங்கும் வழியில் ஏடு நனைந்து கசங்கினாலும், படிக்கக்கூடியவரை மாறாது. ஏழு ஏழாகவே ஊர் வந்து சேரும்.

இனி ஒலிக்கு வருவோம். கிரகாம் பெல் 1876-இல் உருவாக்கிய தொலைபேசி ஒப்புமுறையின் பிள்ளை. குரலால் காற்று அதிர்கின்றது. அவ்வதிர்வைப் பின்பற்றி மின்னோட்டம் கூடிக் குறைகின்றது. மறுமுனையில் ஒரு தகடு அம்மின்னோட்டத்தைப் பின்பற்றி அதிர்கின்றது. இசைத்தட்டின் பள்ளமும், ஒலிநாடாவின் காந்தப் பதிவும், வானொலி அலையும் இதே நெறியில் நடந்தவை. இதன் எளிமையே இதன் சிறப்பு. ஆனால் வழியில் சேரும் இரைச்சலும் ஒலியைப் போன்றதொரு மின்னோட்டமே ஆதலால், சேர்ந்ததைப் பின்னர் முற்றிலும் நீக்க இயலாது.

வானொலியின் வரலாற்றில் இத்துன்பத்தைக் கண்கூடாகக் காணலாம். திருவனந்தபுரம் நிலையம் 1943 மார்ச் 12-இல் திருவிதாங்கூர் அரசின் நிலையமாகத் தொடங்கி, 1950 ஏப்ரல் 1-இல் அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. அந்நாளில் தில்லிச் செய்தியைத் தொலைவிலுள்ள நிலையம் சிற்றலையில் வாங்கி மறுபடியும் ஒலிபரப்ப வேண்டும். சிற்றலை மங்கினால் செய்தியும் மங்கும். 1957-இல் பிறந்த விவித பாரதியின் நிகழ்ச்சிகளோ ஒலிநாடாக்களில் படியெடுக்கப்பட்டு நிலையங்களுக்குச் சென்றன. நாடாவுக்கு இயல்பான ‘உஸ்’ என்னும் இரைச்சல் படிக்குப் படி கூடிற்று.

நெடுந்தூரத் தொலைபேசிக் கம்பிகளிலும் இதே தொல்லை. அதற்குத் தீர்வு கண்டவர் அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலப் பொறியாளர். பாரிஸ் நகரிலிருந்த ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தபோது, 1937-இல், ஒலியை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து ஒவ்வோர் அளவையும் எண்ணாக அனுப்பலாம் என்று அவர் கண்டார். எண்ணைக் குறிக்க இரண்டே நிலைகள் போதும்: துடிப்பு உண்டு, துடிப்பு இல்லை. வழியில் இரைச்சல் சேர்ந்தாலும், துடிப்பு உண்டா இல்லையா என்பது தெரியும்வரை அதனைப் புதிதாக எழுப்பி மேலே அனுப்பிவிடலாம். கருத்து அரியது, ஆனால் வால்வுகளின் காலத்தில் அதைச் செயலாக்குவது பெருஞ்செலவு. டிரான்சிஸ்டர் பிறந்த பின்னரே அது நடைமுறைக்கு வந்தது. 1962-இல் அமெரிக்கத் தொலைபேசிக் கம்பிகளிலும், 1972-இல் பி.பி.சி. தன் நிலையங்களிலிருந்து ஒலிபரப்பிகளுக்கு நிகழ்ச்சி அனுப்பும் வழியிலும் எண்முறை புகுந்தது. 1982-இல் குறுந்தகடு விற்பனைக்கு வந்தபோது அது நம் வீட்டுக்குள்ளும் நுழைந்தது.

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. பிரௌனின் உதவியாளர் ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையே ஊசி துள்ளியிருந்தால் அதனை அறியார் அல்லரோ? அவ்வாறே குறுந்தகட்டிலும் இரண்டு எண்களுக்கு இடையேயுள்ள இசை இழக்கப்படுமன்றோ? ஊசியைப் பொறுத்தவரை அவ்வையம் நியாயமே. இசைக்கு அது பொருந்தாது. ஓர் ஒலியில் அடங்கிய மிக விரைவான அதிர்வு எதுவோ, அதன் இருமடங்குக்கு மேற்பட்ட தடவை அளந்தால், இடையில் நிகழ்ந்ததையும் அவ்வளவுகளிலிருந்தே முழுதும் மீட்கலாம். நைக்விஸ்ட் 1928-இல் இதற்கு வழிகோலினார். கோத்தெல்னிக்கோவ் 1933-இலும் ஷானன் 1949-இலும் இதனைக் கணித முறையில் நிறுவினர். மனிதச் செவி நொடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வு வரையே கேட்கும். அதற்கு மேற்பட்டவற்றை முன்னரே வடிகட்டிவிட்டு நொடிக்கு 44,100 முறை அளக்கின்றது குறுந்தகடு. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகின்றது. ஆகவே எண்முறை இசை படிக்கட்டுப் போல் துண்டுபட்டது என்னும் கூற்று பிழையானது. ஒலிபெருக்கியிலிருந்து வெளிவருவது வழவழப்பான அலையே.

ஆனால் அளக்கும் இடத்திலும், எண்ணை மீண்டும் மின்னோட்டமாக்கும் இடத்திலும் சிறிது இழப்பு உண்டு. அளவைக் கிட்டிய படிக்குச் சரிசெய்வதால் மெல்லிய இரைச்சல் எழும். கருவியின் மின்சுற்றும் தன் பங்கைச் சேர்க்கும். இதனைச் சுங்கச்சாவடி எனலாம். எண்ணாக மாறிய பின் வழியில் செலவில்லை. சாவடியைக் கடக்கும்போதுதான் வரி.

இப்போது ஒலிபெருக்கியின் அமைப்பைப் பார்ப்போம். பழைய வகையில், வெளியிலுள்ள ஒரே பெருக்கியின் ஆற்றல் பெட்டிக்குள் வந்தபின், கம்பிச்சுருளும் மின்தேக்கியும் அதனைத் தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலி என்று பிரித்துத் தனித்தனி ஒலிக்கூம்புகளுக்கு வழங்கும். ஆக்டிவ் எனப்படும் புதிய வகையிலோ, பிரிப்பு முதலில் நிகழும். பின் ஒவ்வொரு கூம்புக்கும் தனிப் பெருக்கி. இவ்வகைப் பிரிப்புக்கு ஏற்ற சிறந்த சுற்று ஒன்றைச் சீக்பிரீட் லிங்க்விட்ஸ் 1976-இல் வெளியிட்டார். அதுவும் ஒப்புமுறைச் சுற்றே. 1980-களின் இறுதியில் இங்கிலாந்தின் மெரிடியன் போன்ற நிறுவனங்கள் எண்களையே நேராக ஏற்கும் ஒலிபெருக்கிகளைச் செய்தன. பின்னர் பிரிப்பும் திருத்தமும்கூடப் பெட்டிக்குள் கணக்காகவே நடைபெறலாயின. கம்பிச்சுருள் செய்த வேலையைக் கணிப்பொறிச் சில்லு செய்கின்றது.

ஆகவே, இணைப்பு எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதைவிட, இசை எத்தனை சாவடிகளைக் கடக்கின்றது என்று எண்ணிப் பார்ப்பதே முறை. குறுந்தகட்டு இயக்கியை ஒப்புமுறைக் கம்பியால், கணக்கிடும் ஒலிபெருக்கியுடன் இணைத்தால் என்ன நிகழ்கின்றது? இயக்கி எண்ணை மின்னோட்டமாக்கும். ஒலிபெருக்கி அதனை மீண்டும் எண்ணாக்கும். கணக்கு முடிந்தபின் மறுபடியும் மின்னோட்டமாக்கும். மூன்று சாவடி. எண்முறைக் கம்பியால் இணைத்தால் ஒரே சாவடி. இங்கே எண்முறைக்கே வெற்றி. ஒலிபெருக்கியின் உள்ளமைப்பு ஒப்புமுறையாக இருந்து, பழைய இசைத்தட்டை இயக்கினால், முதலிலிருந்து முடிவுவரை ஒரு சாவடியும் இல்லை. அங்கே இடையில் எண்ணைப் புகுத்துவது வீண். இசைத்தட்டைக் கணக்கிடும் ஒலிபெருக்கிக்கு அனுப்பினால், ஒருமுறை எண்ணாக்கியே தீரவேண்டும். பெட்டிக்குள் இருக்கும் கருவியே அதனைச் செய்யட்டும்.

வேறு மூன்று செய்திகளும் கருதத்தக்கவை. முதலாவது, ஒலியளவு. ஒப்புமுறை இணைப்பில் முன்கருவியிலேயே ஒலியை மிகவும் குறைத்துவிட்டால், மெலிந்த மின்னோட்டத்தையே ஒலிபெருக்கி அளக்க நேரும். அளக்கும் கருவியின் இரைச்சல் மட்டும் குறையாது. முன்கருவியில் ஒலியைப் போதிய அளவு வைத்து, ஒலிபெருக்கியிலேயே குறைத்துக்கொள்வது நலம். இரண்டாவது, உறுமல். கருவிகள் பல இடங்களில் நிலத்துடன் இணைந்திருந்தால், நம் 50 சுழல் மின்சாரத்தின் உறுமல் ஒப்புமுறைக் கம்பியில் ஏறும். தோஷிபா நிறுவனம் 1983-இல் கொண்டுவந்த ஒளியிழை இணைப்பில் எண்கள் ஒளியாகச் செல்வதால் அவ்வழி அடைபடுகின்றது. மூன்றாவது, கடிகாரம். மலையிலும் நகரிலும் ஊசியை ஒரே கணத்தில் நோக்கவில்லையெனின் பிரௌனின் ஒப்பீட்டுக்குப் பொருளில்லை. அவ்வாறே எண்கள் சரியான கணத்தில் மின்னோட்டமாக வேண்டும். இடமும் வலமும் உள்ள இரு பெட்டிகளும் ஒரே கடிகாரத்துக்குப் பணிய வேண்டும். எண் பிழையின்றி வந்து சேர்ந்தாலும் வேளை தவறினால் ஒலி கெடும்.

இவ்வேறுபாடுகளை மிகைப்படுத்தவும் வேண்டா. இன்றைய நல்ல கருவிகளில் சாவடி வரி மிகச் சிறியது. பெரும்பாலோர் செவிக்கு அது எட்டுவதில்லை. ஒலிபெருக்கியைச் சுவரோரம் ஒட்டி வைப்பதா, விலக்கி வைப்பதா என்பது எந்த இணைப்பையும்விட மிகுதியாக ஒலியை மாற்றும். விலையுயர்ந்த கம்பியை வாங்குமுன் பெட்டியை ஓரடி நகர்த்திப் பார்ப்பது அறிவுடைமை.

எனினும் ஓரிடத்தில் இத்தேர்வு உண்மையிலேயே பெரிது. அது பாதுகாப்பு. ஒலிநாடாவின் பசை இளகுகின்றது. காந்தப் பதிவு உதிர்கின்றது. அதனை இயக்கும் பொறிகள் அருகுகின்றன. மேதைகள் பலரின் குரல் இத்தகைய நாடாக்களிலேயே தங்கியுள்ளது. அவற்றுள் பலவற்றை இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் அகில இந்திய வானொலியின் ஆவணக் காப்பகம் எண்ணாக மாற்றிவருகின்றது. ஒருமுறை, நல்ல கருவிகொண்டு, நாடா நலமாக இருக்கும்போதே அளந்துவிட்டால், பின்னர் எத்தனை படி எடுத்தாலும் முதற்படிக்கும் நூறாவது படிக்கும் வேறுபாடு இராது. அளக்கத் தாமதித்தால், எவ்வளவு சிறந்த ஒலிபெருக்கியும் இழந்ததை மீட்டுத் தராது.

பொதிகை உச்சியின் ஊசி இன்று அங்கே இல்லை. ஆயினும் 1852 முதல் 1869 வரை திருவனந்தபுரத்திலும் அகத்தியமலையிலும் எடுத்த அளவுகள் 1874-இல் இலண்டனில் நூலாக வெளிவந்தன. காந்தக் குலைவுகள் உலகின் தொலைதூர இடங்களிலும் ஒரே வேளையில் நிகழ்கின்றன என்று பிரௌன் காட்டியது, வெவ்வேறு நாடுகளின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிட முடிந்ததாலேயே. இராயல் சங்கம் 1878-இல் அவருக்குப் பதக்கம் அளித்தது. அசைவு அக்கணத்துக்கு உரியது. பொறுப்போடு எழுதப்பட்ட எண்ணோ பின்வருவோர்க்கும் உரியது. வீட்டில் எந்தக் கம்பியை இணைப்பது என்பதை அவரவர் கருவிக்கேற்ப முடிவு செய்துகொள்ளலாம். பரண்மேல் கிடக்கும் பழைய நாடாக்களில் பெரியோர் குரல் இருக்குமாயின், அவற்றை எண்ணாக்கும் வேலையை மட்டும் நாளைக்கென்று தள்ளாதிருப்போமாக.