தொட்டிலருகே செல்லத் தடையிருந்த காலம்

திருவில்லிபுத்தூரை ஒட்டியுள்ள மடவார் வளாகத்தில் சிவபெருமான் வைத்தியநாதர் என்னும் பெயரோடு வழிபடப்படுகிறார். மன்னர் திருமலை நாயக்கரின் தீராத வயிற்று நோய் இங்கு நீங்கியதாக மக்கள் சொல்வர். அதனினும் நம் உள்ளத்தைத் தொடுவது இத்தலத்தைப் பற்றி வழங்கும் வேறொரு கதை. தாயின் வரவை எதிர்பார்த்து ஏமாந்த நிறைசூலி ஒருத்தி தானே தாய்வீடு நோக்கிப் புறப்பட்டாள். வழியில் வலி கண்டது. துணைக்கு ஒருவரும் இல்லை. அப்போது இறைவனே அவள் தாயின் உருவில் வந்து பேறு பார்த்தார் என்பது கதை. பிறர் சமய மரபை ஆராய்வது நம் வேலையன்று. ஆயினும், பேறுகாலத்தில் ஒரு பெண்ணின் அருகே அன்புள்ள கை ஒன்று இருந்தாக வேண்டும் என்ற ஏக்கம் இம்மண்ணில் எத்துணை ஆழமானது என்பதை அது காட்டுகிறது.

நம் திருநூலும் இதற்கு அயலானதன்று. விடுதலைப்பயண நூலின் முதல் அதிகாரத்திலேயே சிப்ரா, பூவா என்னும் மருத்துவப் பெண்கள் இருவர் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றனர். அவர்களுக்கு ஆணையிட்ட பார்வோனின் பெயரை அந்நூல் சொல்லவில்லை என்பது சிந்திக்கத்தக்கது. அன்னை மரியாவோ கருவுற்றிருந்த எலிசபெத்தின் இல்லத்தில் ஏறத்தாழ மூன்று மாதம் தங்கினார்.

இத்தகைய மரபுக்கு உரிய திருச்சபை, தன் கன்னியரைப் பேறுகால அறையிலிருந்து நெடுங்காலம் விலக்கியே வைத்திருந்தது என்பதை நம் இறைமக்களில் பலர் அறியார். 1139-இல் கூடிய இரண்டாம் இலாத்தரன் சங்கம், துறவியர் பொருளீட்டும் நோக்கில் மருத்துவம் பயில்வதைக் கண்டித்தது. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, தனி இசைவின்றிக் குருக்களும் துறவியரும் மருத்துவத் தொழில் புரிவதைத் தடுத்தது. இவற்றுக்கிடையே, 1901-இல் உரோமை வெளியிட்ட நெறிமுறைகள், பேறுகாலப் பெண்களையும் தொட்டிற் குழந்தைகளையும் நேரடியாகப் பேணுவது கன்னியர் சபைகளுக்கு ஏற்ற பணியன்று எனக் கருதின.

கற்பு வாக்குறுதியைக் காக்க வேண்டும், வீண் பழிக்கு இடம் தரலாகாது என்ற எண்ணமே இதன் பின்னணி. அந்த அக்கறையை நாம் இகழ மாட்டோம். ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்கள் யார்? கைவிடப்பட்ட சிசுவை எடுத்து வளர்க்கும் அன்பு திருச்சபையில் என்றும் வற்றியதில்லை. புனித வின்சென்ட் தே பவுல் 1638-இலேயே பாரிசு நகரத்துத் தெருக் குழந்தைகளைத் தம் அன்புப் புதல்வியரிடம் ஒப்படைத்தார். (அப்புதல்வியர் மடத்துக் கன்னியராகி அடைபட்டுவிடக் கூடாது என்பதில் அவர் எத்துணை கவனமாயிருந்தார் என்பது தனியே எழுதத்தக்க கதை.) அனாதையான குழந்தையைத் தூக்கலாம், ஆனால் அது அனாதையாகாதபடி தாயைக் காக்கும் நேரத்தில் அருகே நிற்றலாகாது என்ற நிலையே பின்னாளில் ஏற்பட்டது.

இந்தியாவில் இந்நிலை உயிர்களைப் பலி கொண்டது. ஆண் மருத்துவர் முன் வருவதைவிடச் சாவதே மேல் என்று குடும்பங்கள் எண்ணிய காலம் அது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று இளந்தாய்மார் அவ்வாறு மாண்ட நிகழ்ச்சியே ஐடா ஸ்கடரை மருத்துவராக்கியது. 1900-இல் திரும்பி வந்த அவர் 1909-இல் வேலூரில் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த அச்சகோதரிக்கு இருந்த உரிமை நம் கன்னியர்க்கு இல்லை.

அவ்வுரிமையைக் கேட்டவர் ஆக்னஸ் மக்லாரன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர். தம் அறுபதாம் வயதைக் கடந்த பின் 1898-இல் கத்தோலிக்கரானவர். 1909-இல் இராவல்பிண்டியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவமனை அமைத்தார். கன்னியர் மருத்துவம் புரிய இசைவு வேண்டி உரோமைக்கு மீண்டும் மீண்டும் பயணம் செய்தார். பலன் காணாமலே 1913-இல் இறந்தார். ஆனால் அவருடைய பணியைப் பற்றி அறிந்த பெண்கள் இருவர் தூங்கவில்லை. ஒருவர், தீரோல் நாட்டு அன்னா டெங்கல். அவர் 1920-இல் இராவல்பிண்டிக்கு வந்து உழைத்து, 1925-இல் அமெரிக்காவில் மருத்துவ மறைப்பணிச் சகோதரியர் அமைப்பைத் தொடங்கினார். சட்டத்தின் காரணமாக அவர்களால் முழுமையான துறவு வாக்குறுதி தர இயலவில்லை. மற்றவர் ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி. அவர் 1920-இல் குண்டூருக்கு வந்து இயேசு மரி யோசேப்பு சபையில் சேர்ந்து, திருத்தந்தை 15-ஆம் ஆசீர்வாதப்பரின் தனி இசைவோடு துறவியாகவே மருத்துவம் செய்தார். இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கம் 1943-இல் அவர் முயற்சியால் பிறந்தது.

1936 பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாளன்று, விசுவாசப் பரப்புதல் பேராயம் ஓர் அறிவுரையை வெளியிட்டது. மறைபரப்பு நாடுகளில் கன்னியர் மருத்துவமும் செவிலியமும் பேறுகாலப் பணியும் கற்றுச் செய்யலாம் என்பதோடு, அத்தகைய சபைகள் தோன்ற வேண்டும் என்ற விருப்பத்தையும் அது தெரிவித்தது. மக்லாரன் இறந்து அப்போது 23 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அருகே நிற்பதனால் என்ன பயன் என்று கேட்பாரும் உண்டு. குழந்தைக்கு எங்கே நோகிறது என்று சொல்லத் தெரியாது, பார்ப்பவர்தாம் படித்தறிய வேண்டும். பிறந்த முதலாம் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் நிறம், இதயத் துடிப்பு, தூண்டினால் முகஞ்சுளிப்பு, கைகால் அசைவு, மூச்சு ஆகிய ஐந்தையும் பார்த்து மதிப்பெண் இடும் முறையை 1950-களில் வர்ஜீனியா ஆப்கர் வகுத்தார். அதற்குத் தேர்ந்த கண்ணும் ஒரு கடிகாரமும் போதும். இருமும் குழந்தையின் மார்பைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதம் முதல் ஓராண்டுக்குள் 50, அதன்மேல் ஐந்து வயது வரை 40 என்ற அளவை எட்டினால், அது சளிக்காய்ச்சல் நுரையீரலைப் பற்றியதன் அறிகுறியாகலாம். உச்சிக்குழி உள்வாங்கியிருந்தால் உடலில் நீர் வற்றியுள்ளது. இவையெல்லாம் பொறுமையாக உற்றுப் பார்க்கும் வேலை. மடத்துப் பயிற்சி இதற்கு இடையூறன்று, பெருந்துணை என்றே நாம் கருதுகிறோம்.

நம் பகுதியில் இவ்வுற்றுப் பார்த்தல் ஊர்ப் பெண்களின் கைக்கும் வந்தது. 1980-இல் உலக வங்கியின் கடனுதவியோடு தமிழக அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதலில் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டியில் சோதிக்கப்பட்டது. பின்னர் விரிந்த பகுதிகளுள் இராமநாதபுரம் மாவட்டமும் ஒன்று. திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் 1985 வரை அம்மாவட்டத்திலேயே இருந்தன. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து அட்டையில் புள்ளி வைத்தனர். அத்திட்டத்தின் நுட்பம் இதுதான்: குழந்தை மெலிந்துவிட்டதா என்று மட்டும் பாராமல், எடை ஏறுவது நின்றுவிட்டதா என்று பார்த்தார்கள். கோடு படுத்தவுடன் சத்துருண்டை கொடுத்தார்கள். எடை தேறியபின் நிறுத்தினார்கள். எல்லார்க்கும் எந்நாளும் உணவு என்பதிலிருந்து இது வேறுபட்டது. தாய்க்குத் தன் பிள்ளையின் நிலையைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது.

2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 99.6 விழுக்காட்டுப் பேறுகள் மருத்துவ நிலையங்களில் நிகழ்கின்றன. வழியில் வலி கண்டு தவித்த பெண்ணின் கதை நம் பிள்ளைகளுக்கு விளங்காத அளவுக்குக் காலம் மாறிவிட்டது. ஆனால் அதே ஆய்வில், 15 முதல் 49 வயது வரையான நம் மாநிலப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை இருந்தது. இது பேறுகாலத்தில் தொடங்குவதன்று, பூப்பெய்தும் வயதிலேயே வேர்விடுகிறது. தொட்டிலில் அவ்வளவு கவனமாக நிறுக்கப்பட்ட சிறுமியைப் பன்னிரண்டு வயதுக்குப் பின் உற்றுப் பார்ப்பார் குறைவு. பள்ளியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டும் என்று சொல்லி வீட்டில் வாங்கி வைத்துவிடும் தாய்மாரும் உள்ளனர். வெறும் வயிற்றில் விழுங்காமல் உணவுக்குப் பின் உட்கொண்டால் அத்தொல்லை பெரிதும் குறையும் என்பதைப் பங்கிலுள்ள செவிலியர் எவரிடமும் கேட்டறியலாம். இமையின் கீழ்ப்புறத்தை இழுத்து நிறம் பார்க்கவும் அவர்களே கற்றுத்தருவர்.