முத்தோரைச் சரிவின் 11 டிகிரி

ஊட்டிக்குத் தென்மேற்கே முத்தோரையில் ஒரு மலைச்சரிவு தெற்கு நோக்கி ஏறத்தாழ 11 டிகிரி சாய்ந்து இறங்குகிறது. அந்த இடத்தின் அட்சரேகையும் 11 டிகிரியைச் சற்றே தாண்டியதுதான். இந்தப் பொருத்தத்துக்காகவே 1960-களில் அந்தச் சரிவு தேடிப்பிடிக்கப்பட்டது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ஊட்டி ரேடியோ தொலைநோக்கி அதன்மேல் எழும்பி, 1970-ல் இயங்கத் தொடங்கியது. எந்தத் திசை, எவ்வளவு சாய்வு என்று சோலார் பேனல் வைப்பவர்கள் இன்று கேட்கும் கேள்விக்கு நீலகிரி அளித்த மிக அழகான விடை அதுவே.

திட்டத்தை வகுத்தவர் கோவிந்த் ஸ்வரூப். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பணியாற்றிய அவர், ஹோமி பாபாவின் அழைப்பை ஏற்று 1963-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். மும்பைக்கு அருகே கல்யாணில் சூரியனை ஆராயச் சிறிய டிஷ் வரிசை ஒன்றை அமைத்த அவரது குழு, அடுத்து மிகப் பெரியதொரு கருவியைத் திட்டமிட்டது. வானில் நகரும் நிலவு தொலைதூர ரேடியோ மூலம் ஒன்றை மறைக்கும்போது சமிக்ஞை எப்படி மங்குகிறது என்று அளந்தால், அந்த மூலத்தின் இடத்தையும் அளவையும் நுட்பமாகக் கணிக்கலாம். அதற்கு நிலவைப் பல மணி நேரம் தொடர்ந்து பின்பற்றும் கருவி தேவை.

பூமி தன் அச்சில் சுழல்வதால்தான் வானம் நகர்வதாகத் தோன்றுகிறது. அந்த அச்சுக்கு இணையாகக் கருவியின் அச்சையும் வைத்துவிட்டால், ஒரே சீரான சுழற்சியால் வான்பொருளைப் பின்தொடரலாம். பூமியின் அச்சுக்கு இணையான கோடு, வட அரைக்கோளத்தின் எந்த ஊரிலும் வடக்கு நோக்கி அந்த ஊரின் அட்சரேகை அளவுக்கு உயர்ந்தே நிற்கும். முத்தோரையின் அட்சரேகைக் கணக்குப்படி, 530 மீட்டர் நீளக் கருவியின் வடமுனை தென்முனையைவிட 100 மீட்டருக்கும் சற்று மேலே இருக்க வேண்டும். சமவெளியில் அதற்குக் கோபுரங்களையே எழுப்ப வேண்டியிருக்கும். கல்யாண் போன்ற 19 டிகிரி இடத்தில் அந்த உயரம் 170 மீட்டரைத் தாண்டும். நீலகிரியில் அந்தச் சுமையை மலையே ஏற்றுக்கொண்டது. இந்தியப் பொறியியலில் நிலத்தை இவ்வளவு புத்திசாலித்தனமாகப் பயன்படுத்திய வேலைகள் மிகக் குறைவு.

சரிவின் வழியே 24 பரவளையச் சட்டங்கள் நிறுத்தப்பட்டு, அவற்றின் மேல் சுமார் 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்பட்டன. எல்லாச் சட்டங்களும் ஒன்றாகச் சுழன்று, கிழக்கிலிருந்து மேற்காக ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரம் ஒரு வான்பொருளைத் தொடரும். வடக்கு தெற்காகப் பார்வையைத் திருப்ப மின்னணு முறை போதும். இரும்பு எதையும் அசைக்க வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான ரேடியோ மூலங்களை இங்கே அளந்து 1975-ல் வெளியான முடிவுகள், பிரபஞ்சம் காலப்போக்கில் மாறிவருகிறது என்ற கருத்துக்கு வலுச் சேர்த்தன.

சூரியனும் அதே வானத்தில்தான் நகர்கிறது. ஊட்டியில் ஓரிடத்தில் அசையாமல் பதிக்கும் பேனலை தெற்கு நோக்கி 11 டிகிரி சாய்த்தால், அது முத்தோரைச் சரிவுக்கு இணையாகிவிடும். டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கே 55 டிகிரி உயரத்தில் நிற்கும். அப்போது தட்டையாகக் கிடக்கும் பேனலைவிடச் சாய்ந்த பேனல் நேரடி வெயிலை ஏறத்தாழ 12 சதவீதம் கூடுதலாகப் பெறும். ஏப்ரல் 20-ஐ ஒட்டிச் சூரியன் தலைக்கு மேல் வந்து, அதன்பின் ஆகஸ்ட் 23 வாக்கில் திரும்பும்வரை நண்பகலில் வடக்கே இருக்கும். ஜூனில் தெற்குச் சாய்வால் இழப்பு ஏற்படுவது உண்மையே, அதுவும் 6 சதவீத அளவில்தான். அந்த மாதங்களில் தென்மேற்குப் பருவமழை மேகம் ஊட்டியையும் கூடலூரையும் மூடிக்கிடப்பதால், எல்லாப் பக்கமிருந்தும் சிதறி வரும் ஒளிக்குச் சாய்வு பெரிய பொருட்டல்ல. இழக்கும் காலம் மேகக் காலம், பெறும் காலம் தெளிந்த பனிக்காலம் என்பதால் தெற்கு இங்கே இரட்டிப்பாகப் பொருந்துகிறது. வடகிழக்குப் பருவமழையும் நன்றாகப் பெறும் குன்னூர்ப் பக்கத்தில் அக்டோபர், நவம்பர் மாதங்களும் மேகத்தில் போய்விடும்.

சாய்வைவிடப் பெரிய இடையூறு நிழல். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் 30 மீட்டர் உயர்ந்திருந்தால், டிசம்பர் நண்பகலில் சமதரையில் அதன் நிழல் வடக்கே 20 மீட்டருக்கு மேல் நீளும். வடக்கு நோக்கி இறங்கும் சரிவில் இன்னும் நீளும். வரிசையாக இணைத்த பேனல்களில் ஒன்றின்மேல் நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையின் மின்சாரமும் குறையலாம். மதியத்துக்குப் பின் மேகம் திரளும் இடங்களில் பேனலைத் தென்கிழக்குப் பக்கம் சற்றே திருப்பினால் காலை வெயில் கூடுதலாகக் கிடைக்கும். ஓட்டுக் கூரையோ தகரக் கூரையோ 20 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தாலும் அது தெற்கைப் பார்த்தால் அப்படியே பதிக்கலாம், ஆண்டு மொத்தத்தில் இழப்பு சொற்பமே. கிழக்கும் மேற்கும் பார்த்த கூரைகளும் இந்த அட்சரேகையில் மோசமில்லை. செங்குத்தாக வடக்கே சாயும் கூரையை மட்டும் தவிர்க்க வேண்டும். குளிரும் இங்கே உதவிக்கு வருகிறது: படிக சிலிக்கான் பேனல்களின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீத ஆற்றல் குறையும். சமவெளியில் கோடைதோறும் நேரும் அந்த இழப்பு மலையில் குறைவு.