காவலாளர் முதல் தாதியர் வரை

நோயின் வரலாறு வேறு. நோயாளரைச் சமூகம் நோக்கிய நோக்கின் வரலாறு வேறு. மனநோயைப் பொறுத்தவரை பின்னதே துயர்மிக்கது. அந்நோக்கு மாறுதற்கு மருந்தோடு தாதியர் கல்வியும் காரணமாயிற்று.

ஆதியில் மனநோயாளரைப் பேணத் தாதியர் இருந்திலர், காவலாளரே இருந்தனர். 1796இல் இங்கிலாந்தின் யோர்க் நகரில் வில்லியம் ரியூக் என்பார் நிறுவிய இல்லம் சங்கிலியை விடுத்து அன்பான ஒழுங்கை மேற்கொண்டது. ஆயினும், பணியாளர்க்கு முறையான கல்வி வாய்க்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது. 1882இல் அமெரிக்காவின் மக்லீன் வைத்தியசாலையில் பயிற்சிப் பள்ளி தோன்றியது. 1885இல் பிரித்தானிய மனநோய் மருத்துவர் சங்கத்தார் பணியாளர்க்கெனக் கைந்நூல் வெளியிட்டனர்; 1891இல் தேர்வும் நடத்தினர். பயிற்சியில்லாதவிடத்துச் சங்கிலி நீங்குவதில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆந் திகதி தமிழ்நாட்டு ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்று தீப்பற்றியபோது, கட்டுண்டு கிடந்தோருள் 28 பேர் மாண்டமை இதற்குச் சான்று.

இலங்கையில் 1847இல் பொறளையில் ஒரு காப்பகமும், 1926இல் அங்கொடையில் பெரிய வைத்தியசாலையும் எழுந்தன. கீழ்க்கரை நோயாளர் நெடுங்காலம் தீவின் மறுகரைக்கே கொண்டுசெல்லப்பட்டனர். நாளடைவில் 'அங்கொடை' என்னும் ஊர்ப்பெயரே ஏளனச் சொல்லாயிற்று. அவ்வேளனத்தைக் கேட்டு வளர்ந்த பெண்ணே தாதியர் பள்ளிக்கும் வருகிறாள். நோயின் காரணங்களை ஏட்டிற் கற்றபின்னும் அவளது அச்சம் எளிதில் அகல்வதில்லை. நாட்பட்ட நோயாளர் விடுதியை மட்டுங் கண்டு மீள்பவள் இந்நோய் தீராதென்றே எண்ணக்கூடும். குணமுற்று வயலுக்கும் கடைக்கும் திரும்பியோரோடு உரையாடப் பெற்றவளோ வேறு முடிபுக்கு வருகிறாள். ஏடு அறியாமையை நீக்கும். அச்சத்தை நீக்குவது பழக்கமே.

2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கல்முனைக் கரையை அழித்தது. அதன்பின், 2005இல் வகுக்கப்பெற்ற தேசிய மனநலக் கொள்கை, சிகிச்சையை மாவட்டந்தோறும் கொண்டுசெல்ல முற்பட்டது. இதனால் தாதியின் பொறுப்பும் பெருகிற்று. நாவிதன்வெளியிலிருந்து கல்முனைக்கு வருவோர் கிட்டங்கித் தாம்போதியைக் கடத்தல் வேண்டும். வெள்ளத்தில் அது மூழ்கிய காலங்கள் பல. தமிழராயினும் முஸ்லிம்களாயினும், நோயுற்றவரை வீட்டில் மறைத்துவையாது அவ்வழியே அழைத்து வருதல் எளிதன்று. வந்தவர் வைத்தியசாலையில் முதலிற் காண்பது பெரும்பாலும் தாதியின் முகத்தையே. அம்முகத்தில் இகழ்ச்சி தோன்றுமாயின், அவர் தாம்போதியை மறுமுறை கடவார்.