திறந்த மூல மென்பொருள் பராமரிப்பு: வரலாறும் நெருக்கடியும்

திறந்த மூல மென்பொருள் என்பது அதன் நிரலை எவரும் படிக்கவும், பயன்படுத்தவும், மாற்றவும், பிறருக்குப் பகிரவும் உரிமை அளிக்கும் மென்பொருளாகும். இணையத்தளங்கள், வங்கிச் சேவைகள், கைப்பேசிகள், அரசு அலுவலகக் கணினிகள் ஆகியவற்றின் அடித்தளத்தில் இவ்வகை மென்பொருள் இயங்குகிறது. ஒரு நிரலை எழுதி வெளியிட்டதும் வேலை முடிந்துவிடுவதில்லை. பிழைகளைத் திருத்துதல், பிறர் அனுப்பும் மாற்றங்களைச் சரிபார்த்தல், பாதுகாப்புக் குறைபாடுகளை அடைத்தல், புதிய பதிப்புகளை வெளியிடுதல் ஆகிய பணிகள் ஆண்டுக்கணக்கில் தொடர்கின்றன. இப்பணிகளைச் செய்பவர் பராமரிப்பாளர் எனப்படுகிறார். இவர்களில் பலர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். பெருந்தொழில் ஒன்றின் சுமையைச் சிலர் ஓய்வு நேரத்தில் தாங்கும் இந்நிலை எவ்வாறு உருவானது, அதனால் நேர்ந்தவை எவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தொடக்கம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், 1983 செப்டம்பரில் குனு திட்டத்தை அறிவித்தார். அக்காலத்தில் மென்பொருள் நிறுவனங்கள் தங்கள் நிரலை மறைத்துவைக்கத் தொடங்கியிருந்தன. பயனர் தம் கணினியில் இயங்கும் நிரலைப் படிக்கவும் மாற்றவும் உரிமை பெற வேண்டும் என்பது ஸ்டால்மனின் கொள்கை. இதற்காக 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். 1989இல் குனு பொதுமக்கள் உரிமத்தின் முதல் பதிப்பு வெளிவந்தது.

1991 ஆகஸ்டில், பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் ஓர் இயங்குதளத்தைப் பொழுதுபோக்காக எழுதி வருவதாக அறிவித்தார். அதுவே லினக்ஸ். பல நாட்டு நிரலாளர்கள் இணையம் வழியாக மாற்றங்களை அனுப்ப, அது வேகமாக வளர்ந்தது. 1998இல் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் நிரலை வெளியிட முடிவு செய்தது. அதையொட்டி ‘திறந்த மூலம்’ என்ற பெயரை கிறிஸ்டின் பீட்டர்சன் முன்மொழிந்தார். கொள்கையை முன்னிறுத்திய பழைய பெயரைவிட, தொழில்துறையினர் இப்புதிய பெயரை எளிதில் ஏற்றுக்கொண்டனர்.

தொழில்துறையின் அடித்தளம்

2005இல் டோர்வால்ட்ஸ் ‘கிட்’ என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியை உருவாக்கினார். பலர் ஒரே நிரலில் பணியாற்றும்போது, யார் எப்போது எதை மாற்றினார் என்பதை இக்கருவி பதிவு செய்கிறது. 2008இல் தொடங்கப்பட்ட கிட்ஹப் தளம் இப்பணியை மேலும் எளிதாக்கியது. அத்தளத்தை 750 கோடி டாலர் மதிப்பில் வாங்குவதாக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2018இல் அறிவித்தது.

இக்காலத்தில் மென்பொருள் எழுதும் முறையும் மாறியது. முன்பு ஒரு நிறுவனம் தனக்குத் தேவையான பகுதிகளில் பெரும்பாலானவற்றைத் தானே எழுதியது. இப்போது பிறர் எழுதிய சிறு பொதிகளைச் சேர்த்துக்கொள்கிறது. அந்தப் பொதிகள் வேறு பொதிகளைச் சார்ந்திருக்கும். இவ்வாறு நீளும் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருப்பவர் யார் என்பதைப் பயன்படுத்தும் நிறுவனம் பல நேரங்களில் அறிவதில்லை.

ஹார்ட்பிளீட், 2014

இந்த அறியாமையின் விலையை உலகிற்கு முதலில் உணர்த்தியது ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் இருந்த ‘ஹார்ட்பிளீட்’ குறைபாடு. இணையத்தில் செல்லும் கடவுச்சொல், அட்டை எண் போன்றவற்றை மறைகுறியாக்கம் செய்வது ஓப்பன்எஸ்எஸ்எல். 2012 மார்ச்சில் வெளிவந்த பதிப்பில் நுழைந்த ஒரு பிழையால், வெளியாள் ஒருவர் வழங்கியின் நினைவகத்திலிருந்து ஒரு முறைக்கு 64 கிலோபைட் வரை படிக்க முடிந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2014 ஏப்ரல் 7 அன்று இது வெளியுலகிற்குத் தெரிந்தது. கனடா வருவாய்த் துறையிலிருந்து சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் திருடப்பட்டன.

அதன் பின்னரே அந்த மென்பொருளின் நிலை பலருக்குத் தெரியவந்தது. உலகின் வணிகத் தளங்கள் நம்பியிருந்த அத்திட்டத்தில் முழுநேரமாகப் பணியாற்றியவர் ஒருவர் மட்டுமே. ஆண்டுக்குக் கிடைத்த நன்கொடை சுமார் 2,000 டாலர். அதே மாதத்தில் கூகுள், மைக்ரோசாஃப்ட், அமேசான் உள்ளிட்ட நிறுவனங்கள் லினக்ஸ் அறக்கட்டளை வழியாக இத்தகைய திட்டங்களுக்கு நிதி அளிக்க முன்வந்தன.

பதினொரு வரி நிரல், 2016

ஜாவாஸ்கிரிப்ட் பொதிகள் என்பிஎம் என்னும் களஞ்சியத்தில் சேமிக்கப்படுகின்றன. 2016 மார்ச்சில் ஒரு பொதியின் பெயர் தொடர்பாக எழுந்த தகராறில், நிரலாளர் ஒருவர் தம் பொதிகள் அனைத்தையும் அங்கிருந்து நீக்கினார். அவற்றுள் ஒன்று ‘லெஃப்ட்பேட்’. ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் இடைவெளி அல்லது சுழியம் சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. நிரலின் நீளம் 11 வரிகள். ஆயினும் பல பெரிய கருவிகள் அதைச் சார்ந்திருந்ததால் உலகெங்கும் மென்பொருள் கட்டமைப்புப் பணிகள் தடைப்பட்டன. சில மணி நேரத்தில் களஞ்சிய நிர்வாகம் அப்பொதியை மீட்டு வைத்தது. பொதியை நீக்கும் விதிகளும் பின்னர் கடுமையாக்கப்பட்டன.

லாக்போர்ஜே, 2021

மென்பொருள் இயங்கும்போது நடப்பவற்றைப் பதிவேட்டில் எழுதும் ஜாவா நிரலகம் லாக்போர்ஜே. அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் கீழ்த் தன்னார்வலர்கள் அதைப் பராமரித்து வந்தனர். 2013இல் சேர்க்கப்பட்ட ஒரு வசதியில் இருந்த குறைபாடு 2021 டிசம்பரில் வெளிப்பட்டது. குறிப்பிட்ட வடிவில் அமைந்த ஒரு வரியைப் பதிவேட்டில் எழுதச் செய்தால் போதும். வழங்கி வெளியிடத்திலிருந்து நிரலை இறக்கித் தானே இயக்கிவிடும். தீவிரத்தை அளக்கும் அளவுகோலில் இதற்கு 10க்கு 10 மதிப்பு தரப்பட்டது. பராமரிப்பாளர்கள் இரவு பகலாகத் திருத்தம் எழுதினர். தங்கள் மென்பொருளில் லாக்போர்ஜே எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கவே பல நிறுவனங்கள் திணறின. ஒரு மென்பொருளில் அடங்கிய பொருள்களின் பட்டியல் தேவை என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. உணவுப் பொட்டலத்தின் மேல் அச்சிடப்படும் உட்பொருள் பட்டியல் போன்றது இது.

எக்ஸ்இசட் பின்வாசல், 2024

முந்தைய நிகழ்வுகளில் குறைபாடு தவறுதலாக நுழைந்தது, அல்லது ஒருவர் தம் நிரலை விலக்கிக்கொண்டார். எக்ஸ்இசட் நிகழ்வில் பராமரிப்பாளரின் சோர்வே தாக்குதலுக்கு வழியாக்கப்பட்டது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் மென்பொருளைப் பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே காலின் நெடுங்காலம் ஏறத்தாழத் தனியாகப் பராமரித்து வந்தார். 2021இல் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் பயனுள்ள திருத்தங்களை அனுப்பத் தொடங்கினார். 2022இல் வேறு சில பெயர்களிலிருந்து, பணி மெதுவாக நடக்கிறது, வேறொருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று அழுத்தம் தரும் மடல்கள் வந்தன. தமக்கு மனநலச் சிக்கல்கள் இருப்பதையும், இது ஊதியமில்லாத பொழுதுபோக்குப் பணி என்பதையும் காலின் அப்போது வெளிப்படையாகவே எழுதினார். படிப்படியாக ஜியா டான் இணைப் பராமரிப்பாளர் ஆனார்.

2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெளிவந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்வாசல் இருந்தது. சோதனைக் கோப்புகளுக்குள் மறைக்கப்பட்டிருந்த அந்த நிரல், தொலைவிலிருந்து வழங்கிகளில் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் சேவையைக் குறிவைத்தது. அதற்குரிய இரகசியத் திறவுகோலை வைத்திருப்பவர், பாதிக்கப்பட்ட கணினியில் தாம் விரும்பிய கட்டளையை இயக்கலாம்.

இதைக் கண்டறிந்தவர் ஆண்ட்ரஸ் பிராயிண்ட். போஸ்ட்கிரெஸ் தரவுத்தள உருவாக்குநரும் மைக்ரோசாஃப்ட் பொறியாளருமான அவர், தம் சோதனைக் கணினியில் எஸ்எஸ்எச் நுழைவு வழக்கத்தைவிடச் சுமார் அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். காரணத்தைத் தேடிச் சென்று, 2024 மார்ச் 29 அன்று பின்வாசலைப் பற்றிப் பொதுவில் அறிவித்தார். டெபியன், ஃபெடோரா போன்ற வழங்கல்களின் சோதனைப் பதிப்புகளில் அது பரவியிருந்தது. நிலையான பதிப்புகளை அடைந்திருந்தால் உலகெங்கும் எண்ணற்ற வழங்கிகள் ஆபத்துக்குள்ளாகியிருக்கும். ஜியா டான் என்ற பெயருக்குப் பின்னால் இருந்தவர் இதுவரை அடையாளம் காணப்படவில்லை.

நிதியும் சட்டமும்

பழந்தமிழகத்து ஊர்களில் ஏரி நீரைப் பயன்படுத்துவோர் தாமே சேர்ந்து தூர்வாரிக் கரையைப் பலப்படுத்தும் வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. திறந்த மூல உலகில் நீர் எடுப்போர் பெருகிய அளவுக்குத் தூர்வாருவோர் பெருகவில்லை. இக்குறையைப் போக்க அண்மைக் காலத்தில் சில முயற்சிகள் நடந்துள்ளன.

2022இல் ஜெர்மனி அரசு, அடிப்படையான திறந்த மூலத் திட்டங்களுக்குப் பொதுப்பணத்திலிருந்து உதவும் நிதியம் ஒன்றைத் தொடங்கியது. லாக்போர்ஜே, கர்ல் ஆகியவை இதனால் பயன்பெற்றன. இந்தியாவில் பெங்களூரைச் சேர்ந்த ஜெரோதா நிறுவனம், ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வழங்கும் நிதித் திட்டத்தை 2024 அக்டோபரில் அறிவித்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையவழித் தாங்குதிறன் சட்டம் 2024 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் முதன்மைக் கடமைகள் 2027 டிசம்பரிலிருந்து பொருந்தும். பொருளை விற்கும் நிறுவனமே அதில் சேர்த்த திறந்த மூலப் பகுதிகளின் பாதுகாப்புக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது இச்சட்டம். அப்பகுதிகளில் குறைபாடு கண்டால் அவற்றின் பராமரிப்பாளருக்கும் தெரிவிக்க வேண்டும். வணிக நோக்கமின்றி எழுதும் தன்னார்வலர்மீது இப்பொறுப்பு சுமத்தப்படவில்லை.

செயற்கை நுண்ணறிவுக் காலம்

நிரல் எழுத உதவும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் 2021 முதல் பரவலாயின. இவை எழுதுவோரின் நேரத்தைக் குறைத்தாலும், சரிபார்ப்போரின் சுமையைக் கூட்டியுள்ளன. சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க், கர்ல் என்னும் தரவுப் பரிமாற்றக் கருவியை 1998 முதல் வழிநடத்துபவர். இல்லாத குறைபாட்டை இருப்பதாகக் காட்டும் இயந்திர அறிக்கைகள் குவிவதாக அவர் 2024 தொடக்கத்திலேயே எழுதினார். குறைபாடு கண்டறிவோருக்கு அத்திட்டம் 2019 முதல் வழங்கிவந்த வெகுமதி, 2026 ஜனவரியுடன் நிறுத்தப்பட்டது.

ஆள் பற்றாக்குறையால் திட்டங்கள் மூடப்படுவதும் உண்டு. குபெர்னெட்டிஸ் சமூகம், பரவலாகப் பயன்பட்டுவந்த ‘இங்கிரஸ் என்ஜின்எக்ஸ்’ பகுதியின் பராமரிப்பை 2026 மார்ச்சுடன் நிறுத்துவதாக 2025 நவம்பரில் அறிவித்தது. பல ஆண்டுகளாக ஓரிருவர் மட்டுமே வேலை நேரத்துக்குப் பின்னும் வார இறுதியிலும் அதைக் கவனித்து வந்தனர்.

கணினி பயிலும் மாணவர்கள் புதிய நிரல் எழுதுவதையே பங்களிப்பு எனக் கருதுவது வழக்கம். பிழையைச் சோதித்து உறுதிசெய்து தெரிவிப்பது, ஆவணங்களைத் திருத்துவது, தாய்மொழியில் பெயர்ப்பது, பிறர் அனுப்பிய மாற்றத்தைப் படித்துப் பார்ப்பது ஆகியவையும் பங்களிப்பே. பராமரிப்பாளருக்கு இப்போது பெரிதும் தேவைப்படுவது இவ்வகைத் துணையே. எக்ஸ்இசட் பின்வாசல் பிடிபட்டதற்கும், அரை நொடித் தாமதத்தைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடாத ஒருவரின் கவனமே காரணம்.