காற்றுக்கு விலை – அத்தியாயம் 9: வேடிக்கையா இது?

“எங்களைக் கேலி செய்கிறீர்களா? இதெல்லாம் ஒரு பெரிய வேடிக்கையா?”

ஆணையர் கிராஸ் கேட்ட இந்தக் கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். 1959 டிசம்பர். வாஷிங்டன். அமெரிக்காவில் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் உரிமம் வழங்கும் எஃப்சிசி எனும் தகவல் தொடர்பு ஆணையத்தின் விசாரணை. சாட்சி சொல்ல வந்திருந்தவர் ரொனால்ட் கோஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதாரப் பேராசிரியர். கணநேரம் திகைத்துப் போனார். பிறகு திருப்பிக் கேட்டார்: அமெரிக்காவின் பொருளாதார முறையை நம்புவது வேடிக்கையா?

அவர் முன்வைத்த யோசனை மிக எளியது. அலைவரிசைகளை இலவசமாகப் பங்கிட்டுக் கொடுப்பதை நிறுத்துங்கள். யார் அதிக விலை தருகிறாரோ அவருக்கு விற்றுவிடுங்கள்.

அந்த அறையில் இது ஏன் வேடிக்கையாகத் தோன்றியது என்று புரிந்துகொள்ள, ஆணையம் அன்றுவரை நடந்துவந்த வழியைப் பார்க்கவேண்டும். ஒரு ஊரில் ஒரு அலைவரிசை காலியாக இருக்கும். ஐந்தாறு பேர் கேட்பார்கள். ஒவ்வொருவரும் தாம்தான் ஊருக்கு நல்லவர் என்று வக்கீல் வைத்து வாதாடுவார்கள். மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் விசாரணை நீளும். கடைசியில் ஆணையர்கள் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவருக்குக் கிடைப்பது கோடிக்கணக்கான டாலர் பெறுமானமுள்ள சொத்து. அரசுக்கு அவர் அதற்காகக் கட்டவேண்டிய விலை எதுவும் இல்லை.

இப்படிப்பட்ட அதிகாரம் கையில் இருந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. மயாமி நகரின் 10ஆம் எண் தொலைக்காட்சி உரிமம் தொடர்பாகப் பணம் பெற்றார் என்ற புகாரில் ஆணையர் ரிச்சர்ட் மேக் 1958இல் பதவி விலகினார். கோஸ் சாட்சி சொல்லி மூன்று மாதம் கழித்து, 1960 மார்ச்சில், ஆணையத்தின் தலைவர் ஜான் டோர்ஃபரே பதவி விலகவேண்டி வந்தது. ஒளிபரப்பு நிறுவன முதலாளி ஒருவரின் உல்லாசப் படகில் அவர் விருந்தாளியாகப் போய்வந்தது வெளியாகியிருந்தது. விற்றுவிடுங்கள் என்ற யோசனை சிரிப்பை வரவழைத்த காலத்தில்தான் இதெல்லாம் நடந்தது என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

ஆணையத்தின் பக்கம் ஒரு பலமான வாதமும் இருந்தது. 1943இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஃபிராங்ஃபர்ட்டர் எழுதிய தீர்ப்பு அது. அலைவரிசைகள் குறைவு, கேட்பவர்கள் அதிகம், ஆகவே அரசுதான் பங்கிட்டாகவேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. அதற்குக் கோஸ் சொன்ன பதிலை முதல்முறை படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. இத்தனை பேர் கண்ணில் இது படாமலா போனது? நிலமும் குறைவுதான், இரும்பும் குறைவுதான், உழைப்பும் குறைவுதான். உலகத்தில் விலையுள்ள எதுவும் தேவைக்குக் குறைவானதுதான். யாருக்கு எது என்பதை விலை தீர்மானிக்கிறது. காற்றில் போகும் அலைக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

இந்தக் கேள்வியை முதலில் எழுப்பியவர் கோஸ் அல்ல. 1951இல் சிகாகோவில் சட்டம் படித்துக்கொண்டிருந்த லியோ ஹெர்செல் என்ற மாணவர், அலைவரிசையை ஏலம் விடலாம் என்று ஒரு சட்ட இதழில் எழுதினார். எஃப்சிசியின் முன்னாள் தலைமைப் பொருளாதார நிபுணர் டல்லஸ் ஸ்மைத் அதற்குச் சுடச்சுட மறுப்பு எழுதினார். அந்த மறுப்பைப் படித்த கோஸ், இவ்வளவுதான் எதிர்வாதம் என்றால் மாணவர் சொன்னதே சரி என்ற முடிவுக்கு வந்தார். ஒரு மாணவரின் கட்டுரையை அலட்சியப்படுத்தாமல் படித்த அந்தக் குணத்துக்காகவே கோஸை எனக்குப் பிடிக்கும். சிறுவயதில் கால்களுக்கு இரும்புப் பட்டை கட்டி நடந்தவர். தாய் தந்தை இருவருமே தபால் நிலையத்தில் தந்தி வேலை பார்த்தவர்கள். 1950இல் பிபிசியின் ஏகபோகத்தைப் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டு, அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்.

ஆணையர்கள் சிரித்தது போகட்டும். பொருளாதார அறிஞர்களாவது ஏற்றார்களா?

இல்லை. கோஸின் கட்டுரை 1959இல் ஓர் ஆய்விதழில் வந்தபோது, சிகாகோ பல்கலைக்கழகத்துப் பொருளாதார அறிஞர்கள் அதில் ஒரு பெரிய பிழை இருப்பதாக நம்பினார்கள். ஏலம் விடுவதைப் பற்றி அவர்களுக்கு மறுப்பில்லை. ஒரு நிலையத்தின் ஒலி இன்னொரு நிலையத்தின் ஒலியில் குறுக்கிட்டால் குற்றம் யாருடையது என்ற இடத்தில்தான் தகராறு. கோஸ் சொன்னார்: குறுக்கீடு இருவழிப் பாதை. லண்டனில் 1879இல் நடந்த ஒரு வழக்கை எடுத்துக்காட்டினார். ஒரு மிட்டாய்க்காரர் பல்லாண்டுகளாக உரலில் இடித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டு மருத்துவர் சுவரையொட்டி நோயாளிகளைப் பார்க்கும் அறை கட்டுகிறார். இடிக்கும் சத்தம் மருத்துவரைக் கெடுக்கிறது. இடிப்பதை நிறுத்தினால் மிட்டாய்க்காரர் கெடுகிறார். யாருக்கு என்ன உரிமை என்று சட்டம் தெளிவாக வரையறுத்துவிட்டால் போதும், பிறகு இருவரும் பேரம் பேசி யாருக்கு அது அதிகம் பயன்படுமோ அவரிடம் கொண்டு சேர்த்துவிடுவார்கள் என்றார் கோஸ்.

இந்தத் தகராறைப் பேசித் தீர்க்க 1960இல் சிகாகோ அறிஞர் ஆரன் டைரக்டர் வீட்டில் ஒரு விருந்து. கோஸ் உட்பட 21 பேர். மில்டன் ஃபிரீட்மன், ஜார்ஜ் ஸ்டிக்லர் எல்லாரும் இருந்தார்கள். தொடக்கத்தில் கை தூக்கச் சொன்னபோது கோஸின் பக்கம் கோஸ் மட்டும். இருபதுக்கு ஒன்று. விவாதத்தில் ஃபிரீட்மன் ஒவ்வொரு பக்கமாகச் சுற்றிச் சுற்றித் தாக்கினார். கோஸ் ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை. ஒரு கட்டத்தில் ஃபிரீட்மனின் தாக்குதல் தன் நண்பர்கள் மீதே திரும்பிவிட்டது என்று ஸ்டிக்லர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். இரண்டு மணி நேரத்துக்குப் பின் மறுபடி கை தூக்கினார்கள். 21 பேரும் கோஸின் பக்கம்.

அறிவுலகம் இரண்டு மணி நேரத்தில் மாறியது. அரசு மாற 34 ஆண்டுகள் ஆயின.

அந்த 34 ஆண்டுகளின் கதை வேதனையானது. ராண்ட் ஆய்வு நிறுவனம் கோஸையும் வேறு இருவரையும் வைத்து அலைக்கற்றைச் சந்தை பற்றி ஓர் அறிக்கை தயாரித்தது. வெளியிடுமுன் கருத்துக் கேட்டபோது, அலைக்கற்றையை விற்பது என்ற பேச்சையே சில ஊழல் சர்வாதிகாரிகளின் நாடுகளைத் தவிர வேறெங்கும் எடுக்கமுடியாது என்று ஒருவர் எழுதினார். அறிக்கை உறைக்குள் போனது. அச்சில் வெளிவந்தது 1995இல்.

இதற்கிடையில் செல்போன் வந்துவிட்டது. விசாரணை வைத்துத் தேர்ந்தெடுக்க நேரமில்லை. 1981இல் அமெரிக்க நாடாளுமன்றம் குலுக்கலுக்கு அனுமதி கொடுத்தது. குடத்தில் சீட்டுப் போட்டு ஊராட்சி உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த சோழர் காலத்துக் குடவோலையிலாவது, சீட்டில் பெயர் எழுதுமுன் தகுதி பார்த்தார்கள். இங்கே செல்பேசிக் குலுக்கலுக்குக் கிட்டத்தட்ட 4 லட்சம் விண்ணப்பங்கள் குவிந்தன. கேப் காட் பகுதியின் உரிமம் பல் மருத்துவர்கள் சேர்ந்த ஒரு குழுவுக்கு விழுந்தது. அவர்கள் ஒரு கோபுரம்கூட நடவில்லை. 4 கோடியே 10 லட்சம் டாலருக்கு ஒரு தொலைபேசி நிறுவனத்திடம் விற்றுவிட்டுப் போனார்கள். கோஸ் சொன்ன அதே விற்பனைதான். பணம் மட்டும் மக்களின் கருவூலத்துக்கு வரவில்லை.

ஆணையத்துக்கு உள்ளேயே ஒருவர் இதைப் பொறுக்கமாட்டாமல் இருந்தார். பெயர் ஈவன் குவெரல், ஆணையத்தின் பொருளாதார நிபுணர். 1985இலேயே ஏலத்தை வலியுறுத்தி சகா ஒருவருடன் சேர்ந்து ஓர் ஆய்வறிக்கை எழுதியிருந்தார். 1993 ஆகஸ்டில், பட்ஜெட் பற்றாக்குறையை அடைக்க வழிதேடிய கிளின்டன் அரசு ஏலத்துக்குச் சட்டம் கொண்டுவந்தது. எட்டு ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. ஆனால் புதிய பயம் தொடங்கியது. ஏலம் என்றால், எப்படிப்பட்ட ஏலம்?

நியூசிலாந்தில் நடந்தது எல்லார் கண்முன்னும் இருந்தது. அங்கே 1990இல், அதிகம் கேட்டவருக்கு உரிமம், ஆனால் இரண்டாவதாகக் கேட்டவரின் தொகையைக் கட்டினால் போதும் என்று விதி வைத்தார்கள். பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி 1961இல் நிறுவிய அழகான கோட்பாடு அது. குறைந்தபட்ச விலை வைக்க மறந்தார்கள். ஒரு நிறுவனம் 1 லட்சம் டாலர் கேட்டு 6 டாலர் கட்டியது. இன்னொன்று 70 லட்சம் கேட்டு 5,000 கட்டியது. ஒரு பல்கலைக்கழக மாணவர் ஒரு சிறு நகரத்துத் தொலைக்காட்சி உரிமத்துக்கு 1 டாலர் கேட்டார், போட்டிக்கு யாருமில்லை, எதுவுமே கட்டாமல் பெற்றார். மக்கள் கொதித்தார்கள்.

வாஷிங்டனில் தொலைபேசி நிறுவனங்கள் ஆளுக்கொரு பேராசிரியரைப் பிடித்தன. பசிபிக் பெல்லுக்காக ஸ்டான்ஃபர்டின் பால் மில்க்ரமும் ராபர்ட் வில்சனும் ஒரு திட்டம் தந்தார்கள். இன்னொரு நிறுவனத்துக்காகப் பிரஸ்டன் மெக்காஃபியும் அதே திசையில் யோசித்தார். எல்லா உரிமங்களும் ஒரே நேரத்தில் ஏலத்துக்கு வரும். சுற்றுச் சுற்றாக விலை ஏறும். சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவர் பங்கேற்கும் தகுதியை இழப்பார். சம்பளம் கொடுத்தவரின் லாபத்துக்காக எழுதப்பட்ட ஆய்வை அரசு நம்பலாமா? நம்பாமல் சோதிக்க, ஆணையம் தன் பங்குக்கு ஜான் மெக்மிலன் என்ற அறிஞரை அமர்த்திக்கொண்டது. ஆணையம் செய்த மிகச் சரியான காரியம் இது என்பேன். அவரும் குவெரலும் அலசிப் பார்த்து, உலகில் எங்கும் நடந்திராத அந்த முறையையே தேர்ந்தெடுத்தார்கள்.

1994 ஜூலை 25. பேஜர் சேவைக்கான 10 தேசிய உரிமங்கள். ஐந்து நாள், 47 சுற்று. 61 கோடியே 70 லட்சம் டாலர்! அடுத்த மார்ச்சில் செல்பேசிக்கான 99 உரிமங்கள் 700 கோடி டாலருக்குப் போயின. இந்தியாவின் 2010 3ஜி ஏலமும் இதே வம்சம்தான்.

கோஸ் வென்றுவிட்டார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். 1996இல் அடுத்த பெரிய செல்பேசி ஏலம் தொடங்கியது. விலைகள் பெரும்பாலும் சுத்தமான ஆயிரங்களில் ஏறிக்கொண்டிருந்தன. அப்போது அயோவா மாநிலத்து வாட்டர்லூ நகருக்கு யூ.எஸ். வெஸ்ட் நிறுவனம் ஒரு தொகை கேட்டது: 3,13,378 டாலர். அதே மாநிலத்தின் மார்ஷல்டவுனுக்கும் அதே நிறுவனம் கேட்டது: 62,378 டாலர்.

இரண்டின் வாலிலும் 378. அந்த மூன்று இலக்கம் ஆணையத்துக்காக எழுதப்பட்டதல்ல. அதைப் படிக்கவேண்டிய ஆள் படித்துவிட்டார், பயந்தும் விட்டார்.

(தொடரும்)