போர்மீது வைக்கும் பணயம்

பாரதக் கதையிலே சூது முன்னே வந்தது. போர் பின்னே வந்தது. நம் காலத்திலோ போரே சூதாட்டத்தின் பொருளாகிவிட்டது. ஒரு நாடு தன் பகைநாட்டின்மீது இம்மாதம் முடியுமுன் குண்டு வீசுமா? குறித்த ஓர் ஊர் எத்தேதிக்குள் எதிரிப்படையின் கையில் விழும்? போர்நிறுத்தம் எப்பொழுது வரும்? இவை போன்ற வினாக்களுக்கு ‘ஆம்’ என ஒன்றும் ‘இல்லை’ என ஒன்றுமாக இருவகைச் சீட்டுகள் இன்று கைத்தொலைபேசி வழியாகவே விற்கப்படுகின்றன. ‘ஆம்’ என்னுஞ் சீட்டின் விலை 30 சதமாயின், அந்நிகழ்ச்சி நடைபெற நூற்றுக்கு முப்பது பங்கு வாய்ப்புண்டு எனச் சந்தை மதிப்பிடுகிறது என்பது பொருள். குண்டு விழுந்தால் அச்சீட்டுக்கு ஒரு டொலர் கிடைக்கும், விழாவிடின் ஒன்றுமில்லை. முன்கணிப்புச் சந்தை என்பது இதற்கு இடப்பட்டுள்ள பெயர்.

இது விஞ்ஞான யுகத்தின் புதுமை என்று சொல்லப்படுகின்றது. கருவி புதிது, தொழில் பழையது. நவீன நிதிமுறை இலண்டன் நகரில் வேரூன்றிய நாளிலேயே போர்மேற் பணயம் வைக்கும் வழக்கமும் உடன்தோன்றியது. அவ்வரலாற்றை நாம் ஒருமுறை திரும்பிப் பார்த்தல், இன்றைய சந்தையின் இயல்பை விளங்கிக்கொள்ளத் துணைபுரியும்.

1695ஆம் ஆண்டிலே மூன்றாம் வில்லியம் மன்னனின் படைகள் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த நாமூர் கோட்டையை முற்றுகையிட்டன. கோட்டை விழுமா, விழாதா என்று இலண்டன் வணிகரும் பிரபுக்களும் பெருந்தொகை பணயம் வைத்தனர். அகழியிலே போர்வீரர் மடிந்துகொண்டிருந்தபொழுது, அவர்தம் மரணம் கோப்பிக்கடை மேசைகளில் இலாபநட்டக் கணக்காக மாறிற்று. அடுத்த போரின்போது இவ்வழக்கம் மேலும் பெருகவே, 1708இல் பிரித்தானியப் பாராளுமன்றம் பொதுவிவகாரங்கள்மீது, அதாவது அப்பொழுது நடைபெற்றுவந்த போரின்மீது, பணயம் வைத்தலைத் தடுக்கும் சட்டமொன்றை நிறைவேற்றியது. எனவே, போர்ச் சூதாட்டம் ஆபத்தானதென்னும் அறிவு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஆளும் வர்க்கத்தாருக்கு இருந்தது.

ஆயினும், இலாபவேட்கை சட்டத்துக்கு அஞ்சி ஒதுங்குவதில்லை. 1740களில் பிரித்தானியாவும் பிரான்சும் கடலிற் பொருதின. அவ்வேளையிலே இலண்டன் காப்புறுதிக்காரர் பிரெஞ்சு வணிகக் கப்பல்களுக்கே காப்புறுதி வழங்கினர். பிரித்தானியக் கடற்படை பிரெஞ்சுக் கப்பலொன்றைக் கைப்பற்றினால், அதன் நட்டத்தைப் பிரெஞ்சு முதலாளிக்கு இலண்டன் முதலாளி ஈடுசெய்தான்! இதனைத் தடைசெய்ய முனைந்தபொழுது, பின்னாளில் மான்ஸ்பீல்ட் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் மரே அம்முயற்சியை எதிர்த்து வாதாடினார். இவ்வாணிபத்தால் வரும் வருவாயை நாம் ஏன் எதிரிக்கு விட்டுக்கொடுக்கவேண்டும் என்பதே அத்தரப்பாரின் வாதம். எனினும் 1748இல் தடைச்சட்டம் வந்தது. பிறர் உயிர்மீது, தமக்கு எவ்வித உரிய நலனும் இல்லாத நிலையில், காப்புறுதி என்னும் பெயரால் பணயம் வைப்பதை 1774ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. தன் கப்பலுக்குக் காப்புறுதி செய்பவன் தான் அடையக்கூடிய இழப்புக்கு அரண் தேடுகிறான். அயலான் உயிர்மீது பணயம் வைப்பவனோ அவ்விழப்பையே தன் ஊதியமாக்குகிறான். இவ்வேறுபாட்டைச் சட்டம் அன்றே ஏற்றுக்கொண்டது.

இவ்விடத்தில் 1812இல் தீர்க்கப்பட்ட வழக்கொன்றை நாம் விரிவாக நோக்குதல் தகும். 1802 மார்ச்சு மாதத்திலே ஆமியென் உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. ஒல்லாந்தரிடமிருந்து பறிக்கப்பட்ட நமது இலங்கையின் கரையோரங்களைப் பிரித்தானியருக்கு உறுதிசெய்த உடன்படிக்கையும் அதுவே. தேசங்கள் கைமாறிய அவ்வாண்டின் மே மாதத்திலே, சேர் மார்க் சைக்ஸ் என்னும் செல்வரின் விருந்து மேசையில் நெப்போலியன் கொலையுண்ணக்கூடுமா என்னும் பேச்சு எழுந்தது. யாரேனும் இப்பொழுது நூறு கினி தந்தால், நெப்போலியன் உயிரோடிருக்கும்வரை நாளொன்றுக்கு ஒரு கினி வீதம் தருவேன் என்றார் சைக்ஸ். விருந்துக்கு வந்திருந்த கில்பர்ட் என்னும் பாதிரியார் உடனே உடன்பட்டார். நெப்போலியனோ சாகவில்லை. 1804 இறுதிவரை 900 கினிக்கு மேல் செலுத்திச் சலித்த சைக்ஸ், கொடுப்பனவை நிறுத்திவிட்டார். பாதிரியார் வழக்குத் தொடுத்தார்.

மன்றிலே பாதிரியார் வெல்லவில்லை. எலன்பரோ பிரபு முதலிய நீதிபதிகள் காட்டிய நியாயம் சிந்தனைக்குரியது. நெப்போலியன் பிரித்தானியாமீது படையெடுத்து வந்தால் அவனை எதிர்த்தல் குடிமகன் கடமை. பாதிரியாருக்கோ, பகைவனின் உயிரைக் காப்பதில் நாளொன்றுக்கு ஒரு கினி ஊதியம் உண்டு. மறுபுறம், சைக்சுக்கு அந்நிய நாட்டுத் தலைவனின் கொலையால் ஆதாயம் உண்டு; அவ்வாறான கொலை பழிக்குப் பழியை வரவழைக்கும். ஆகவே, இத்தகைய பணயம் பொதுநலனுக்கு மாறானது, செல்லாது என்றனர். அவ்விருவரும் கொலைகாரர் என்று நீதிபதிகள் கூறவில்லை. கொலையை விரும்புதற்கு ஒருவனுக்குக் காரணத்தை உண்டாக்கிக் கொடுப்பதே தீங்கு என்றனர்.

பிரித்தானியச் சட்டத்தை அறத்தின் வடிவமாக நாம் போற்றவேண்டியதில்லை. விருந்து மேசைப் பந்தயங்களைக் கண்டித்த அதே சமுதாயம், அடிமைக் கப்பல்களுக்கும் அவற்றிற் கட்டுண்டு கிடந்த ஆபிரிக்க மக்களுக்கும் காப்புறுதி வழங்கியது. 1781இல் ‘சொங்’ என்னும் கப்பலிலிருந்து நூற்று முப்பதுக்கு மேற்பட்ட அடிமைகள் கடலில் வீசப்பட்டனர். கப்பல் உரிமையாளர் அதற்குக் காப்புறுதிப் பணம் கோரி மன்றேறினர். 1783இல் அவ்வழக்கைக் கேட்டவர் அதே மான்ஸ்பீல்ட் பிரபுவே. ஆளும் வர்க்கம் தன் அரசின் நலனுக்குக் கேடு வருங்கால் மாத்திரமே அறம் பேசிற்று. எனினும், அதன் வாயிலிருந்து வந்தமையால் ஓர் உண்மை பொய்யாகிவிடாது.

பணயம் வைத்தவன் செய்தியையே திரித்துவிடக்கூடும் என்பதற்கும் அக்காலமே சான்று தருகின்றது. 1814 பெப்ரவரி 21ஆந் தேதி அதிகாலையில், அதிகாரி உடையணிந்த ஒருவன் டோவர் துறைமுகத்தில் தோன்றி, நெப்போலியன் கொல்லப்பட்டான் எனப் பறைசாற்றினான். பிரெஞ்சு அதிகாரிகள் போன்று வேடமிட்ட வேறு சிலர் வண்டியேறி இலண்டன் வீதிகளிலே வெற்றி முழக்கமிட்டுச் சென்றனர். அரசாங்கக் கடன்பத்திரங்களின் விலை சடுதியில் உயர்ந்தது. முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தோர் விற்றுத் தீர்த்தனர். மாலைக்குள் பொய் வெளிப்பட்டது. இதன்பொருட்டு அவ்வாண்டு ஜூன் மாதத்திலே பலர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். தாம் குற்றமற்றவர் என இறுதிவரை வாதாடி 1832இல் மன்னிப்புப் பெற்ற கொக்ரேன் பிரபுவும் அவர்களுள் ஒருவர்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2003இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சின் ஆராய்ச்சி நிறுவனமொன்று, மேற்காசிய நாடுகளின் எதிர்காலம்மீது பணம் கட்டும் சந்தையொன்றைத் திட்டமிட்டது. எகிப்து, யோர்தான், ஈரான், ஈராக், சிரியா முதலிய நாடுகளின் விதி அதில் விலைப்பொருளாகவிருந்தது. ஜூலை மாத இறுதியில் வைடன், டோர்கன் என்னும் இரு செனற்றர்கள் இதனை அம்பலப்படுத்தினர். மறுநாளே திட்டம் கைவிடப்பட்டது. அப்பிரிவுக்குத் தலைவராயிருந்த போயின்டெக்ஸ்டரும் பதவி துறந்தார். 2010ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், போர், பயங்கரவாதம், படுகொலை ஆகியவற்றின்மீதான ஒப்பந்தங்களைத் தடைசெய்யும் அதிகாரத்தைப் பண்ட முன்பேர வாணிப ஆணைக்குழுவுக்கு வழங்கிற்று.

எனினும் கதவை அடைத்தபொழுது சாளரம் திறந்திருந்தது. 2020இல் தோன்றிய பொலிமார்க்கெட் என்னும் நிறுவனத்துக்கு, அனுமதியின்றிச் சந்தை நடத்தியமைக்காக 2022 ஜனவரியில் அவ்வாணைக்குழு 14 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது. நிறுவனம் அமெரிக்க எல்லைக்கு வெளியே தன் தொழிலைத் தொடர்ந்தது. இரசியப் படை உக்ரெயினின் எந்த நகரை எப்பொழுது பிடிக்கும், இஸ்ரேலும் ஈரானும் ஒன்றையொன்று எப்பொழுது தாக்கும் என்பனவெல்லாம் அங்கே பணயப்பொருள்களாயின. 2025 அக்டோபரில், நியூயோர்க் பங்குச் சந்தையின் உரிமை நிறுவனம் அதிலே 200 கோடி டொலர்வரை முதலிட முன்வந்தது. கோப்பிக்கடைப் பணயம் மாளிகையில் ஏறி அமர்ந்தது.

இச்சந்தைக்கு ஆதரவானோர் கூறும் நியாயத்தையும் நாம் கேட்கவேண்டும். மக்களிடையே சிதறிக் கிடக்கும் அறிவை விலை ஒன்றுதிரட்டுகிறது. அரசாங்கங்கள் மறைப்பதையும் பத்திரிகைகள் திரிப்பதையும் அது வெளிப்படுத்துகிறது. தாக்குதல் வருமென அறிந்தோர் தப்பிக்கொள்ளலாம் என்பர். தேர்தல்களைப் பொறுத்தவரை இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் வான்தாக்குதல் தேர்தலன்று. அதனை இலட்சோபலட்சம் மக்கள் தீர்மானிப்பதில்லை. மூடிய அறையிலே சிலர் தீர்மானிக்கின்றனர். அங்கே சிதறிக் கிடக்கும் அறிவு ஏது? அச்சிலரை அணுகியிருப்போருக்கு மாத்திரமே உண்மை தெரியும். ஏனையோர் பணத்தை அவர்கள் அள்ளிச் செல்வர்.

இது வெறும் ஊகமன்று. 2026 ஜனவரி 3ஆந் தேதி அமெரிக்கப் படை வெனிசுவெலாவின் சனாதிபதி மதுரோவைப் பிடித்துச் சென்றது. அதற்குச் சற்று முன்னர், புதிதாகத் திறக்கப்பட்ட கணக்கொன்றிலிருந்து ஏறக்குறைய 30 ஆயிரம் டொலர் அவர் வீழ்ச்சிமீது பணயமாகக் கட்டப்பட்டது. வந்த ஆதாயம் 4 இலட்சம் டொலருக்கு மேல். அடுத்த மாதம் இஸ்ரேலிலே, இராணுவ இரகசியங்களைப் பயன்படுத்தி இச்சந்தையிற் பணயம் வைத்தனர் என ஒரு சேமப்படையினர்மீதும் ஒரு குடிமகன்மீதும் குற்றஞ் சாட்டப்பட்டது. தாக்குதலின் நேரத்தை அறிந்தவன் அதை விற்கலாம் என்றால், தாக்குதலின் நேரத்தை நிர்ணயிக்கக்கூடியவன் என்ன செய்யமாட்டான்?

எச்சரிக்கை பெற்று மக்கள் தப்பிக்கலாம் என்பதும் ஆராயத்தக்கது. 30 சதம் 60 சதமாக உயர்ந்ததைக் கண்டு தெஹ்ரானின் கூலித் தொழிலாளி எங்கே ஓடுவான்? வீட்டையும் வேலையையும் விட்டு ஓடும் வசதி அவனுக்கு உண்டா? அவன் வாழும் தெருவின்மீது விலை கூறப்படுகிறது. அவனை ஒருவரும் கேட்பதில்லை.

சூதாடிகளின் பேராசை மாத்திரமே இதற்குக் காரணமென்று கூறி நாம் அமைதியடையலாகாது. போர்க்கருவி செய்யும் கம்பனிகளின் பங்கு விலை போர்மேகம் சூழும்பொழுது உயர்வதை மதிப்புடைய வாணிபமென்று ஏற்றுக்கொண்ட சமுதாயமே, அடுத்த படியாக இதனையும் ஏற்கின்றது. ஆயினும் ஒரு வேறுபாட்டை மாணவர்க்கு நாம் எடுத்துக்காட்டவேண்டும். பங்குக்காரர் சிலர், பணயச் சந்தையோ சாதாரண இளைஞனையும், ஐந்து டொலருடன், போரின் பங்காளியாக்குகின்றது. ‘ஆம்’ என்னுஞ் சீட்டைக் கையில் வைத்திருப்பவன் சமாதானச் செய்தியைக் கேட்டு மனம் வாடுவான். போரை எதிர்க்கவேண்டிய பொதுமக்களை அதன் பார்வையாளராகவும், பின்னர் அதனை விரும்புவோராகவும் மாற்றுவதே இச்சந்தை செய்யும் பெருந்தீங்கு. 1708இல் ஒரு நாட்டின் சட்டம் அந்நாட்டின் மேசைகளைக் கட்டுப்படுத்தப் போதுமானதாயிருந்தது. இன்று பணம் எல்லை கடந்து ஓடுகிறது. ஆதலின், போர்மீதும் படுகொலைமீதும் பணயம் வைத்தலைத் தடுக்கும் சட்டமும் நாடுகள் பல ஒருங்கு கூடிச் செய்யவேண்டிய ஒன்றாகும். அத்தகைய சட்டத்தைக் கோரும் பொறுப்பு, குண்டுகளுக்கும் பணயத்துக்கும் அப்பால் நிற்கும் நம் போன்ற சிறிய நாடுகளின் மக்களுக்கும் உண்டு.