மாயாவிக்கு மகன் இல்லைன்னா? வாரிசு ஹீரோக்களின் 'டிஃபெண்டர்ஸ் ஆஃப் தி எர்த்'

ராணி காமிக்ஸ்ல மாயாவி கதை படிச்சவரா நீங்க? லீ ஃபாக் 1936-ல் உருவாக்கிய இந்த ஹீரோவின் முகமூடி, தலைமுறை தலைமுறையா அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும். நாம படிச்சவர் 21-வது மாயாவி.

1986-ல் வந்த மாற்றம்
அமெரிக்க கார்ட்டூன் தொடர் 'டிஃபெண்டர்ஸ் ஆஃப் தி எர்த்' 2015-ல் நடப்பதாகக் கற்பனை. பூமியைப் பிடிக்க வரும் மிங்கை எதிர்த்து மாயாவி, மாண்ட்ரேக், லோதார், ஃப்ளாஷ் கார்டன் பிள்ளைகளோடு களமிறங்குகிறார்கள்.

வாரிசுகள் யார்?
• ரிக்: ஃப்ளாஷ் கார்டன் மகன், கம்ப்யூட்டர் கில்லாடி
• எல்.ஜே.: லோதார் மகன்
• கிஷின்: மாண்ட்ரேக்கின் வளர்ப்பு மகன்
• ஜெடா: மாயாவி மகள், விலங்குகளோடு மனசாலேயே பேசுவார்

என்ன ஸ்பெஷல்?
காமிக்ஸில் மாயாவிக்கு கிட், ஹெலாய்ஸ் என இரட்டைக் குழந்தைகள். முகமூடிக்கு மகன் கிட் இருக்கான். இங்கே இருப்பது ஜெடா மட்டும்தான். ஆண் வாரிசு இல்லாத மாயாவியை 65 எபிசோடுகளில் காட்டியது இந்தத் தொடர்.